கூந்தலுக்காக நீச்சலை விடுவதா?

கோடை விடுமுறை வந்ததும் மாவட்ட விளையாட்டரங்குகளிலும் மாநகராட்சிக் குளங்களிலும் நீச்சல் பயிற்சி வகுப்புகள் தொடங்கிவிடும். முதல் வாரத்தில் வரிசை நீண்டிருக்கும். மூன்றாவது வாரத்தில் அது குறுகிவிடும். வெயில், தூரம், பணம், பயம் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் மாணவிகளை நிறுத்துவதற்கு வீட்டில் சொல்லும் காரணம் பெரும்பாலும் வேறொன்று. "தலைமுடியைப் பார், தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. போதும் உன் நீச்சல்!" என்று அம்மா சொல்வார். பாட்டி ஆமோதிப்பார். வகுப்பு அத்துடன் முடிந்துவிடும்.

மாணவர்களே, இந்தத் தீர்ப்பு சரிதானா என்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் கலந்த நீர் முடியைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதற்காக நீச்சலை நிறுத்த வேண்டும் என்ற தண்டனைதான் தவறு. முடி வைத்திருக்கும் பையன்களும் இதைப் படிக்கலாம். குளோரின் ஆண் முடி, பெண் முடி என்று பார்ப்பதில்லை.

முதலில் தலைமுடி என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதிக்கு மட்டுமே உயிர் உண்டு. வெளியே நாம் எண்ணெய் தடவி, சீவி, பின்னுகிற முடி முழுவதும் உயிரற்ற பொருள். அதனால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. இது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும், மாட்டின் கொம்பும், கோழியின் இறகும் இதே இனத்துப் புரதங்களே. கெராட்டினில் கந்தகம் மிகுதி. முடி எரியும்போது வரும் நாற்றத்துக்கு அதுவே முக்கிய காரணம்.

ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்புறம் ஓட்டு வீட்டின் கூரையைப் போலத் தோன்றும். ஓட்டின் மேல் ஓடு ஏறியிருப்பதுபோல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மனித முடியில் இப்படி 5 முதல் 10 அடுக்குகள் வரை உண்டு. செதில்களின் திறந்த ஓரம் முடியின் நுனியை நோக்கி இருக்கும். செதில்களுக்கு உள்ளே முடியின் உடற்பகுதி. முடிக்கு வலிமை தரும் கெராட்டின் இழைகளும், கறுப்பு நிறம் தரும் மெலனின் துகள்களும் அங்கேதான் இருக்கின்றன. செதில்களின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் பூச்சும் உண்டு. முடி பளபளப்பதும், ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்கிச் செல்வதும் அந்தப் பூச்சினால்தான்.

நுண்ணோக்கி இல்லாமலே இந்தச் செதில்களை நீங்கள் உணரலாம். சீப்பில் சிக்கிய நீண்ட முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அதை நீளவாக்கில் வைத்து, இரு விரல்களையும் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி எப்போதும் ஒரே திசையில் நகரும். எந்த முனை முன்னால் போகிறதோ அதுவே வேர் இருந்த முனை. நுனியை நோக்கி விரல் போகும்போது அது செதில்களின் மேல் வழுக்கிவிடுகிறது. வேரை நோக்கி வரும்போது செதில்களின் ஓரம் விரலைப் பற்றிக்கொண்டு கூடவே வருகிறது. முடியைத் திருப்பி வைத்துத் தேய்த்தாலும் வேர் முனையே முன்னால் செல்லும். வகுப்பில் செய்து காட்டினால் நண்பர்கள் மந்திரம் என்பார்கள்.

இன்னொன்றையும் கணக்கிடுங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். 60 சென்டிமீட்டர் நீளமான சடையின் நுனிக்கு வயது ஏறத்தாழ 5 ஆண்டுகள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சடை நுனி, அவள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது முளைத்தது! அந்த 5 ஆண்டுகளின் வெயில், தூசி, சீப்பு, ரப்பர் பட்டை எல்லாவற்றையும் அது தாங்கியிருக்கிறது. உயிரற்ற பொருளாதலால் காயம்பட்டால் ஆறாது. தோல் கிழிந்தால் புதுத்தோல் வரும். செதில் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். நீச்சலுக்குப் போனதும் முதலில் நுனி வறண்டு பிளவுபடுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? பழி முழுவதையும் குளத்தின் மேல் போடுவதற்கு முன், அந்த நுனியின் பழைய வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

இனி குளோரினிடம் வருவோம். 1774இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே இந்த வாயுவை முதலில் தயாரித்தார். இது ஒரு தனிமம் என்று காட்டி, 1810இல் பெயர் சூட்டியவர் ஹம்ஃப்ரி டேவி. மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். இதன் முதல் வேலை சலவை. பிரான்சில் பெர்த்தொலே துணியை வெளுக்க இதைப் பயன்படுத்தினார். 1799இல் ஸ்காட்லாந்தின் டென்னன்ட், குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிச் சலவைத்தூள் செய்யக் காப்புரிமை பெற்றார். நம் ஊராட்சிக் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் போடுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அதுதான் இது. கிருமியைக் கொல்லும் தொழில் பின்னால் வந்து சேர்ந்தது.

குளத்தில் குளோரினை வாயுவாக விட்டாலும், தூளாகவோ மாத்திரையாகவோ போட்டாலும், நீரில் கரைந்ததும் வேலை செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் பொருளே. இது கிருமிகளின் புரதத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜனேற்றம் செய்து அவற்றை அழிக்கிறது. அப்படி அழிப்பதற்குப் பாக்டீரியாவின் புரதம் எது, பத்மாவின் முடியில் உள்ள புரதம் எது என்று அதற்குத் தெரியாது. எதிர்ப்பட்டதை எல்லாம் தாக்கும். முடியின் கொழுப்புப் பூச்சு முதலில் போகிறது. பிறகு செதில்களின் ஓரங்கள் அரிக்கப்பட்டுத் தூக்கிக்கொள்கின்றன. வழி திறந்ததும் உள்ளே இருக்கும் மெலனின் வெளுக்கிறது. துணியை வெளுத்த அதே வேதிவினைதான். கூடவே திறந்தவெளிக் குளத்தில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது; சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களும் மெலனினை வெளுப்பவை.

எங்கள் முடி கறுப்பாயிற்றே, வெள்ளைக்காரர்களுக்கு வருவதெல்லாம் எங்களுக்கும் வருமா என்று சிலர் கேட்கலாம். வரும். ஜப்பானியர் முடி நம்முடையதைப் போலவே கறுப்பு. அந்நாட்டின் முன்னணி நீச்சல் வீரர்களின் முடியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் தோல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் முடி நிறம் மங்கியிருந்தது. செதில்கள் தேய்ந்து, ஹைப்போகுளோரஸ் அமிலம் உள்ளே புகுந்து மெலனினைச் சிதைத்திருந்தது. ஆக, பாட்டியின் குற்றச்சாட்டைப் பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எவ்வளவு? விஞ்ஞானத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தத் தீர்ப்பும் எழுதக்கூடாது.

கடையில் விற்கும் வீட்டு உபயோகச் சலவைத் திரவம் 5 சதவீதக் கரைசல் என்று கொள்வோம். அதாவது ஒரு லிட்டரில் 50,000 மில்லிகிராம். அதில் முடியைப் போட்டு வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போய்விடும். (பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்து பாருங்கள். இந்தத் திரவத்துடன் எந்த அமிலமும், கழிவறை கழுவும் திரவமும் சேரக்கூடாது. சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.) சரி, நீச்சல் குளத்தில் எவ்வளவு இருக்கிறது? நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை. சலவைத் திரவத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு! குழாயில் வரும் குடிநீரிலேயே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது.

அடுத்தது நேரம். முன்னணி வீரர் ஒருவர் நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் 6 நாள் நீந்துவதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 24 மணி நேரம். நீங்கள் கோடை வகுப்புக்கு வாரம் 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 6 வாரம் போகிறீர்கள். மொத்தம் 18 மணி நேரம். உங்கள் கோடைக்காலம் முழுவதும் சேர்ந்தாலும் அவருடைய ஒரு வாரத்துக்கு ஈடாகவில்லை. அவருக்கு வந்த கேடு உங்களுக்கு அதே அளவில் வரும் என்று எப்படிச் சொல்வது? முன்பே சாயம் ஏற்றியோ, இரசாயனம் பூசி நேராக்கியோ இருக்கும் முடிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் செதில்கள் ஏற்கெனவே சிதைந்திருப்பதால் விரைவில் கெடும்.

"முடி கொட்டுகிறதே?" என்பது அடுத்த கேள்வி. கொட்டுவதும் முறிவதும் வேறு வேறு. யாருக்குமே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை இயல்பாக உதிரும். அவற்றின் முனையில் வெண்ணிறக் குமிழ் போன்ற வேர் இருக்கும். வறண்டு நடுவில் முறிந்த முடியில் அது இருக்காது. குளத்து நீர் செய்யக்கூடியது முறிப்பதுதான். தோலுக்குள் இருக்கும் வேர்வரை அது சென்று தாக்குவதில்லை. நீச்சலை ஆறு மாதம் நிறுத்தினால் வேரிலிருந்து 6 சென்டிமீட்டர் புது முடி, எந்தக் குறையும் இல்லாமல் வந்துவிடும்.

குளத்தருகே போனதும் மூக்கில் ஏறுமே ஒரு காரமான வாடை, அதைப் பற்றி இங்கே நிறுத்திப் பேச வேண்டும். "அப்பா, எவ்வளவு குளோரின் போட்டிருக்கிறார்கள்!" என்று மூக்கைப் பொத்திக்கொள்வோம். நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. அந்த வாடை பெரும்பாலும் குளோரமைன்கள் என்னும் கூட்டுப்பொருள்களிலிருந்து வருகிறது. அவை எப்படி உண்டாகின்றன? நம் வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அம்மோனியாவும் இருக்கின்றன. குளிக்காமல் குளத்தில் இறங்குபவர்களின் உடலிலிருந்து இவை நீரில் கலக்கின்றன. நீருக்குள்ளேயே சிறுநீர் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். யார் என்று கேட்க மாட்டேன். குளோரின் இவற்றோடு சேர்ந்து குளோரமைனாக மாறுகிறது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் இதுவே பெரும் காரணம். குளோரமைனாக மாறிய பிறகு அதன் கிருமி கொல்லும் திறனும் வெகுவாகக் குறைந்துவிடும். அதை ஈடுகட்டக் குளத்துக்காரர் இன்னும் குளோரின் கொட்டுவார். அதற்கும் ஒரு பங்கு உங்கள் முடியின் மேல்தான் விழும்.

ஆகவே, இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டு ஒரு குளியல் போட்டால் எத்தனை லாபம் பாருங்கள். உங்கள் அழுக்கு குளத்துக்குப் போகாது. உங்களுக்குப் பின்னால் நீந்தும் சிறுவனின் கண் எரியாது. உங்கள் முடியும் நன்னீரால் நனைந்துவிடும். இந்தக் கடைசி லாபத்துக்கு ஒரு தனி விளக்கம் தேவை.

முடி நீரை உறிஞ்சும் பொருள். உலர்ந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை வாங்கிக்கொள்ளும். அப்போது பருத்து, கொஞ்சம் நீளவும் செய்யும். ஈரத்துக்கு ஏற்ப முடி நீண்டு சுருங்குவதைப் பயன்படுத்தி, ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் 18ஆம் நூற்றாண்டிலேயே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி செய்தார். 1783இல் அதைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அந்தக் கருவியின் முக்கிய உறுப்பு ஒரு மனிதத் தலைமுடி! உலர்ந்த தலையோடு குளத்தில் குதித்தால் முடி உறிஞ்சும் முதல் நீரே குளோரின் நீர். முன்பே நன்னீரில் ஊறிய முடி, குளத்து நீரைக் குறைவாகவே உள்ளே இழுக்கும். கரைந்த பொருள் மெல்ல மெல்லப் பரவி உள்ளே போவதை இது முற்றிலும் தடுத்துவிடாது. என்றாலும் காசு செலவில்லாமல் கிடைக்கும் பாதுகாப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி நம் வீடுகளில் எல்லோரும் எதிர்பார்க்கும் எண்ணெய்க்கு வருவோம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போகலாமா?

தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதில் ஏறத்தாழப் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, கிளையில்லாமல் நேரானது. ஆகையால் எண்ணெய் செதில்களின் வழியே முடிக்குள் நுழைய முடிகிறது. 2003இல் மும்பையிலிருந்து வெளியான ஓர் ஆய்வு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறைத்தது. ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் யார் சொன்னார்கள் என்று பார்க்கும் பழக்கம் விஞ்ஞான மாணவருக்கு வேண்டும். மேலும் அந்த ஆய்வு குளத்து நீரைப் பற்றியதும் அன்று. எண்ணெய் முடிக்குள் இருந்தால் நீர் புகுவது குறையும் என்பது அதிலிருந்து நாம் செய்யும் ஊகம், நியாயமான ஊகம்.

ஆனால் எண்ணெய் வழியும் தலையோடு குளத்தில் இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளத்துக்காரர்கள் அதைத் தடுப்பதும் சரியே. எண்ணெய் நீரின் மேல் படலமாக மிதக்கும். வடிகட்டும் மணலை அடைக்கும். குளோரினையும் தின்று தீர்க்கும். நூறு பேர் ஆளுக்கொரு தேக்கரண்டி எண்ணெயோடு வந்தால் அரை லிட்டர் எண்ணெய் குளத்தில்! ஆகவே முதல் நாள் இரவே எண்ணெயைத் தேய்த்துக்கொள்ளுங்கள். காலையில் முடியை அலசிவிடுங்கள். உள்ளே போனது உள்ளேயே இருக்கும். மேலே நிற்பது மட்டும் கழுவிப் போய்விடும். நுனி மிகவும் வறண்டிருந்தால் இரண்டு சொட்டு நுனியில் மட்டும் தடவி, அதன்மேல் தொப்பி போட்டுக்கொள்ளலாம்.

தொப்பி என்றதும் துணித் தொப்பியை வாங்கிவிடாதீர்கள். நீர் அதன் வழியே தாராளமாகப் போய்வரும். ரப்பர் அல்லது சிலிகோன் தொப்பியே நல்லது. அதிலும் ஓரங்களில் நீர் கசியத்தான் செய்யும். ஆனால் கசிந்த நீர் உள்ளேயே நின்றுவிடுவதால், புதுப்புது குளோரின் வந்து தாக்குவது குறைகிறது. வெயிலும் நேரடியாகப் படாது. நீண்ட முடியைத் தளர்வாகப் பின்னி, சுருட்டி, அதன்மேல் தொப்பியை அணியுங்கள். இதில் உயிர் காக்கும் காரணமும் ஒன்று உண்டு. குளத்தின் அடியிலும் பக்கச் சுவரிலும் நீரை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், விரித்த கூந்தல் அதற்குள் இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்தத் துவாரங்களின் அருகே விளையாடவே கூடாது. உடைந்த மூடியைக் கண்டால் உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

குளத்தைவிட்டு ஏறியதும் என்ன செய்வது? உடனே நன்னீரில் அலசுங்கள். "வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம்" என்று பேருந்தில் ஒரு மணி நேரம் வருவதுதான் பெரிய கெடுதல். நீர் ஆவியாகும்; அதில் கரைந்திருந்த உப்புகள் முடியிலேயே தங்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை மென்மையான ஷாம்புவோ சீயக்காயோ போதும். உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். சோப்பு காரத்தன்மை உடையது, காரம் செதில்களைத் தூக்கிவிடும். ஈர முடி உலர்ந்த முடியைவிட எளிதில் இழுபட்டு முறியும். எனவே துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஈரத்தோடு இறுக்கிப் பின்னிப் பள்ளிக்குப் போகும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். நீச்சல் வீரர்களுக்கென்று விற்கும் ஷாம்புகள் சிலவற்றில், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் உப்பு இருக்கும். வண்ணமீன் வளர்ப்பவர்கள் குழாய் நீரில் போடும் 'ஹைப்போ'வும் அதே பொருள்தான். கோடை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு சில்லறைச் சந்தேகங்கள். வெளிநாட்டுப் படங்களில் நீச்சல்காரர்களின் பொன்னிற முடி பச்சையாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் தாமிரம். பாசியை ஒழிக்கக் குளத்தில் போடும் மயில்துத்தத்திலிருந்தோ, தாமிரக் குழாய்களிலிருந்தோ கரைந்து வந்து முடியில் ஒட்டிக்கொள்கிறது. நம் கறுப்பு முடியில் அந்தப் பச்சை தெரியாது. மற்றொன்று பேன். குளத்து நீர் பேனைக் கொல்லாது. நீருக்குள் பேன் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதேபோல நீந்திப் போய் அடுத்தவர் தலையில் ஏறுவதும் அதற்கு எளிதன்று. என்றாலும் சீப்பையும் துண்டையும் தொப்பியையும் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

"அந்தக் காலத்தில் நாங்கள் கிணற்றில் நீந்தினோம், முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது" என்று பாட்டி சொன்னால், அதை மறுக்காதீர்கள். கிணற்று நீரில் குளோரின் இல்லை. முடிக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரே நீரில் நாளெல்லாம் நூற்றுக்கணக்கானோர் இறங்கும் குளத்தில் குளோரின் போடாவிட்டால், வயிற்றுப்போக்கும் காதுவலியும் தோல்நோயும் வரிசையாக வரும். முடி நுனியையும் குடலையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று பாட்டிக்கே தெரியும்.

இன்னொரு தராசும் இருக்கிறது. உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பகுதி சிறுவர்களும் இளைஞர்களும். நம் ஊர்களிலோ ஆறு, ஏரி, கண்மாய், கல்குவாரிக் குட்டை, திறந்த கிணறு என்று எங்கு திரும்பினாலும் நீர். துணி துவைக்கப் போனவள் கால் வழுக்கி விழுந்தாள், காப்பாற்றப் போன தங்கையும் போனாள் என்ற செய்தியை நாளிதழ்களில் படிக்காத கோடை உண்டா? கூந்தல் நீளமானது என்பதால் நீர் யாரையும் மேலே தூக்கிவிடாது. பெண் பிள்ளைகள் நீச்சல் கற்பதை முடியைக் காட்டி நிறுத்துவது எனக்கு ஏற்கவே முடியாத கணக்கு. முடியை வெட்டினால் வளரும். வேண்டுமானால் பயிற்சி நடக்கும் அந்த ஆறு வாரத்துக்கு நுனியில் இரண்டு அங்குலத்தைக் கத்தரித்துவிடுங்கள். எப்படியும் அது ஐந்து வயதான முடிதானே!

கடைசியாக ஒரு வேலை. உங்கள் குளத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக நடக்கும் குளங்களில் அன்றைய குளோரின் அளவையும் பி.எச். மதிப்பையும் எழுதியிருப்பார்கள். குளோரின் 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருந்தால் நல்லது. பி.எச். மிகவும் ஏறினால் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பெரும்பகுதி வலுவற்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடும். குளோரின் இருந்தும் கிருமி சாகாது. பலகை இல்லாவிட்டால் பொறுப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள், "ஐயா, இன்றைக்கு அளவு என்ன?" என்று. இரண்டு நாள் யாராவது கேட்டால் மூன்றாம் நாள் அவர் அளந்து வைத்திருப்பார். குளிக்கும் ஷவர் பழுதாகி, குழாயில் நீர் வராமல் இருந்தால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மனுவில் தலைமுடியைப் பற்றி எழுத வேண்டாம். எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் குளோரின் செலவு குறையும் என்று எழுதுங்கள். அதைத்தான் உடனே படிப்பார்கள்.